பழைய புகைப்படங்களில் இரும்புப் பாலங்கள்: அடையாளம் காண்பது எப்படி?

மும்பையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிற தமிழ்க் குடும்பங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ரேஷன் அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஊர் நிலத்துப் பத்திரம் இவற்றுக்கெல்லாம் அடியில் நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடக்கும். அவற்றில் ஒன்றிலாவது தாத்தாவோ பெரியப்பாவோ விறைப்பாக நிற்க, பின்னால் ஓர் இரும்புப் பாலம் தெரியும். கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பாலம் ஓர் அதிசயம். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கூலிக்கு நின்றவர்களுக்கு அதுவே வேலை பார்க்கும் இடம். ஆகையால் பாலத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம்.

"இது எந்தப் பாலம்?" என்று கேட்டால்தான் சிக்கல். ஒருவர் பாம்பன் என்பார், ஒருவர் கர்னாக் என்பார், இன்னொருவர் திருச்சிப் பக்கம் என்பார். எல்லாரும் நிச்சயமாகத்தான் சொல்லுவாங்க.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. நம் முன்னோர் மும்பைக்கு வந்த கதைக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. தாராவியில் தோல் பதனிட வந்தவர், மில்லுக்கு வந்தவர், ரயில்வே கேங்கில் சேர்ந்தவர் யாரும் தாம் வந்த தேதியை எழுதி வைக்கவில்லை. அந்தப் படம்தான் அவர்கள் விட்டுப்போன ஒரே காகிதம். பாலம் இன்னதென்று தெரிந்தால் இடம் தெரியும். இடத்தோடு காலமும் ஓரளவு தெரியும். பாலத்தின் பெயர் தவறினால் குடும்பக் கதையே திசை மாறிப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாலங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 1868இல் கட்டிய கர்னாக் பாலம் 2022 நவம்பரில் இடிக்கப்பட்டது. ஹான்காக் பாலம் 2016 ஜனவரியில் போயிற்று. நமக்குப் பக்கத்தில் உள்ள சயான் மேம்பாலம் 1912இல் கட்டியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் போக்குவரத்தை நிறுத்தி அதையும் இடிக்கத் தொடங்கினார்கள். எல்பின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற வசதி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. வடாலாவில் இரும்பு வியாபாரம், ஆண்டாப் ஹில்லில் வீடு. ஆங்கிள், சேனல், பீம், பிளேட் என்று நாற்பது ஆண்டுகளாக இரும்போடு பழகியதால் பழைய படத்தில் பாலத்தைக் கண்டால் என் கண் முதலில் இரும்பின் மேல்தான் போகும். அப்படிப் பார்த்துப் பழகிய முறையை இங்கே சொல்கிறேன். இதற்கு இன்ஜினியர் படிப்பு வேண்டாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மூன்று அளவைகள்

நம் பழைய தருக்க நூல்கள் ஒரு பொருளை அறிய காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். காண்டல் என்பது கண்ணால் காண்பது. கருதல் என்பது கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது. உரை என்பது நம்பத் தகுந்தவர் சொல். பழைய படத்துக்கும் இதுவே வழி. ஆனால் வரிசை முக்கியம். நாம் வழக்கமாக உரையிலிருந்து தொடங்குகிறோம். பின்பக்கம் "பாம்பன்" என்று எழுதியிருந்தால், படத்தைப் புரட்டி பாம்பனைத்தான் பார்க்கிறோம். முதலில் காண்டல், பிறகு கருதல், கடைசியில்தான் உரை என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரும்பிலே மூன்று வகை

எல்லா இரும்பும் ஒன்றல்ல. பாலம் கட்டியது மூன்று வகை இரும்பால்.

முதலாவது வார்ப்பிரும்பு. உருக்கி அச்சில் ஊற்றுவது. அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது; உடைந்துவிடும். 1779இல் இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் என்ற இடத்தில் எழுப்பிய உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் இந்த வகைதான். படத்தில் உருண்டைத் தூண், பூ வேலைப்பாடு, வளைவுகளோடு கைப்பிடி தெரிந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பு.

இரண்டாவது தேனிரும்பு. அடித்து, உருட்டி எடுப்பது. இழுப்பைத் தாங்கும். இந்தியாவில் ரயில் வந்த 1853 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் பெரிய பாலங்களின் உடம்பெல்லாம் தேனிரும்புதான்.

மூன்றாவது உருக்கு, அதாவது எஃகு. பெஸ்ஸிமர் 1856இல் கண்டுபிடித்த முறையால் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. பிரிட்டனில் ரயில் பாலங்களுக்கு அதை அனுமதித்தது 1877இல்தான். 1890இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம் முழுக்க உருக்கால் எழுந்தது. நம் நாட்டில் டாடா ஆலை ஜாம்ஷெட்பூரில் 1912இல் உருக்கு எடுத்தது. 1943இல் திறந்த ஹௌரா பாலத்துக்குப் பெரும்பகுதி உருக்கு அங்கிருந்துதான் போனது.

தேனிரும்பா உருக்கா என்று படத்தைப் பார்த்து நேரடியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ரிவெட் அடித்துத்தான் இணைத்தார்கள். ஆனால் உறுப்புகளின் கனம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஒல்லியான பட்டைகள் நிறையப் போட்டுப் பின்னியிருந்தால் பழசு. கனமான உறுப்புகள் சிலவே இருந்தால் பிற்காலம். வரிசை வரிசையாகப் பொட்டு வைத்த மாதிரி ரிவெட் தலைகள் தெரிந்தால் வெல்டிங் பரவுவதற்கு முந்தைய வேலை.

சட்டத்தின் வடிவம்

கல்வெட்டுப் படிப்பவர்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லுவார்கள். பாலத்துக்கு அந்த எழுத்து, அதன் பக்கச் சட்டம். தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்து.

1. பிளேட் கர்டர்: சட்டமே இல்லாமல் மொட்டைச் சுவர் போல இருக்கும். குறுகிய கண்களுக்கு எல்லாக் காலத்திலும் போட்டார்கள். இது மட்டும் தெரிந்தால் காலம் சொல்ல முடியாது.

2. தட்டிப் பின்னல்: மூங்கில் தட்டி போல இரு பக்கமும் சாய்ந்த பட்டைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். 1850 முதல் 1880கள் வரை அதிகம். அலகாபாத்தில் யமுனை மேல் 1865இல் திறந்த நைனிப் பாலம் இந்த வகைக்குப் பேர்போனது.

3. வாரன் சட்டம்: முக்கோணம் முக்கோணமாக, மலையும் பள்ளமுமாக ஓடும். 1848இல் ஜேம்ஸ் வாரன் காப்புரிமை பெற்றது. பம்பாயிலிருந்து வடக்கே போன பி.பி. அண்ட் சி.ஐ. ரயில்வே தன் முதல் பாலங்களுக்கு 60 அடிக் கண்ணாக இதைத்தான் வரிசையாகப் போட்டது.

4. பிராட் சட்டம்: ஒவ்வொரு கட்டத்திலும் நேர் நிற்கும் ஒரு கம்பமும் சாய்ந்த ஒரு கம்பியும் இருக்கும். சாய்வுகள் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இறங்கும். 1844இல் அமெரிக்காவில் தோன்றியது.

5. வில் சட்டம்: மேல் விளிம்பு வில்லாக வளைந்து, கீழே நாண் போல நேராக இருக்கும். அகமதாபாத்தில் சபர்மதி மேல் 1892இல் கட்டிய எல்லிஸ் பாலம் நல்ல உதாரணம்.

இவற்றோடு, வண்டி பாலத்தின் வயிற்றுக்குள்ளே போகிறதா, முதுகின் மேலே போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்களை எண்ணுங்கள். ஒரு கண்ணில் எத்தனை கட்டம் என்றும் எண்ணுங்கள். பெயரைத் தேடுவதற்கு முன் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும். பெயர் ஒன்று மனசில் விழுந்துவிட்டால் கண் அதற்கேற்ற மாதிரிதான் எண்ணும்.

கால்களும் தண்ணீரும்

சட்டத்தைப் பார்த்த பிறகு கீழே இறங்குங்கள். காலை மறைத்து நிற்கிற தாத்தாவைச் சற்று விலக்கிப் பாருங்கள்.

தூண் கல்லா, இரும்பா? கல் தூண் என்றால் கீழே நல்ல அடித்தளம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். சேற்றுக் கழிகளில் அப்படிக் கிடைக்காது. அங்கே திருகாணி போல நுனியில் இறக்கை வைத்த இரும்புத் தூண்களை முறுக்கி இறக்கினார்கள். வசாய்க் கழியில் 1860களில் போட்ட முதல் ரயில் பாலத்துக்கு இப்படிப்பட்ட திருகுத் தூண்கள்தான்.

தூணின் மேல் ஒரு கறுத்த பட்டை தெரிகிறதா? கடல் நீர் ஏறி இறங்கும் இடங்களில் சிப்பியும் பாசியும் ஒட்டி, ஒரே மட்டத்தில் கோடு கிழித்த மாதிரி பட்டை விழும். ஆற்றுப் பாலத்தில் அந்த ஒழுங்கு இருக்காது. வெள்ளம் விட்டுப்போன கறை ஏற்ற இறக்கமாக இருக்கும். கரையையும் பாருங்கள். சேறும் அலையாத்திச் செடியும் என்றால் மும்பை, தாணே பக்கத்துக் கழி போல. மணல் திட்டும் நாணலும் என்றால் காவிரி, கொள்ளிடம் போன்ற ஆறு.

தண்டவாளமும் கம்பியும்

ரயில் பாலமாக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள அகலம் பொய் சொல்லாது. அகலப் பாதை 1,676 மில்லி மீட்டர். நின்றால் சராசரி ஆளின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மீட்டர் கேஜ் 1,000 மில்லி மீட்டர், இடுப்பு உயரந்தான். படத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் போதும், அளந்துவிடலாம். மும்பைத் தீவில் மீட்டர் கேஜ் பாதை ஒருபோதும் இருந்ததில்லை. தென்னிந்திய ரயில்வேயின் பாதைகளில் பெரும்பகுதி மீட்டர் கேஜ். இந்த ஒரு அளவே பல வாதங்களை முடித்துவைக்கும்.

அடுத்தது தலைக்கு மேலே மின்கம்பி. நம்ம ஆண்டாப் ஹில்லுக்குப் பக்கத்தில் வடாலா வழியாகப் போகிற ஹார்பர் லைனில்தான், 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. சர்ச்கேட்டிலிருந்து போரிவலி வரை 1928இல் மின்சாரம் வந்தது; விரார் வரை 1936இல் நீண்டது. சென்னையில் கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931இல். ஆக, பாலத்தின் மேல் கம்பியும் கம்பமும் தெரிந்தால் படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று ஒரு எல்லை போட்டுவிடலாம். மும்பைத் தெருப் பாலத்தில் டிராம் தெரிந்தால் இன்னொரு எல்லை: மின்சார டிராம் 1907இல் வந்தது, 1964 மார்ச் 31ஆம் தேதி கடைசியாக ஓடியது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில படங்கள் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கும். சட்டைப் பையைப் பாருங்கள். அது இடது மார்பில் இருக்க வேண்டும். வலதில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. கண்ணாடியில் காட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆராயுங்கள்.

பெயர் ஒன்று, உடம்பு இரண்டு

பாலத்தின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரே இடத்தில், ஒரே பெயரில், ஒன்றுக்கு மேற்பட்ட பாலங்கள் இருந்திருக்கும். ஹான்காக் பாலம் முதலில் 1879இல் கட்டியது, 1923இல் மாற்றிக் கட்டியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கர்னாக் பாலம் இருந்த இடத்தில் இப்போது உள்ள புதிய பாலம் 2025 ஜூலையில் சிந்தூர் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. இங்கே இடம் ஒன்று, பெயரே இரண்டு.

சென்னையில் இதற்குச் சரியான உதாரணம் நேப்பியர் பாலம். கூவம் கடலில் கலக்கும் இடத்தில் 1869இல் கட்டியது இரும்புப் பாலம். இன்று எல்லாருக்கும் தெரிந்த வளைவு வளைவான பாலம் இரும்பே அல்ல. 1939இல் தொடங்கி 1943இல் முடிந்த கான்கிரீட் வில் பாலம். அதற்கு இணையாக இன்னொன்று 1999இல் வந்தது. படத்தில் வில் தெரிந்ததும் "இரும்புப் பாலம், வெள்ளைக்காரன் காலத்து ஆரம்பம்" என்று சொல்லிவிடுகிறோம். வில்லின் மேல் ரிவெட் இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கான்கிரீட். படம் 1943க்குப் பிந்தியது.

சென்னைப் படங்களில் இன்னொரு ஏமாற்று, கடலுக்குள் நீண்டு போகும் இரும்பு அமைப்பு. அது பாலம் அல்ல. 1861இல் முடிந்த இரும்புத் துறைமேடை. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் சரக்கு இறக்கியது அதில்தான். அக்கரை தெரியாத பாலம் என்றால் அது பாலந்தானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

திருச்சிப் படங்களில் காவிரியும் கொள்ளிடமும் குழம்பும். 1928இல் போக்குவரத்துக்கு வந்த பழைய கொள்ளிடம் பாலத்துக்கு இரு பக்கமும் இரும்புச் சட்டம் இருந்தது. நீளம் ஏறக்குறைய 800 மீட்டர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். காவிரி மேல் இருந்த பழைய சாலைப் பாலமோ கல் வளைவுகளால் ஆனது. இரும்புச் சட்டம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி போதும்.

பாலத்தில் இருக்கும் பெயர்ப் பலகையும் நம்மை ஏமாற்றலாம். முட்டை வடிவ வார்ப்பிரும்புத் தகட்டில் கம்பெனி பெயரும் ஆண்டும் இருக்கும். டார்லிங்டன் கிளீவ்லாண்ட், மிடில்ஸ்பரோ டார்மன் லாங், ஹௌரா பர்ன் கம்பெனி, நம்ம பைகுல்லா ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் இப்படிப் பல பெயர்கள். அந்த ஆண்டு கர்டர் செய்த ஆண்டு. ரயில்வே ஒரு பாலத்திலிருந்து கழற்றிய கர்டரைச் சின்னப் பாதைகளிலும் நடைபாலங்களிலும் மறுபடி போடுவது வழக்கம். பழைய இரும்பு வீணாகாது. வியாபாரி நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே தகட்டின் ஆண்டையே பாலத்தின் ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லில் வெட்டிய எழுத்து அதைவிட உறுதியானது. கர்னாக் பாலத்தில் ஆங்கிலம், மராத்தி, குஜராத்தி என்று பெயரும் ஆண்டும் வெட்டிய கற்கள் இருந்தன. உங்கள் படத்தின் ஓரத்தில் அப்படி ஒரு கல்லின் மூலை தெரிந்தாலே விலைமதிப்பில்லாத சாட்சி.

எல்லாப் பாலமும் பாம்பன் அல்ல

நம்மவர் வீடுகளில் அதிகம் வழங்கும் பெயர் பாம்பன்தான். தென் மாவட்டத்துக் குடும்பங்களில் கொழும்புக்குப் போய் வந்தவர்கள் நிறைய. அதனால் கடலோடு ஒரு பாலத்தைக் கண்டால் வாய் தானாகப் பாம்பன் என்று சொல்கிறது. ஆனால் பாம்பனை அடையாளம் காண்பது சுலபம்.

அது திறந்தது 1914 பிப்ரவரி 24. நீளம் இரண்டு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கண்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கண்கள் எல்லாம் சின்ன பிளேட் கர்டர்கள். கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாக ஓடும். ரயில் அவற்றின் முதுகில் போகும். இரு பக்கமும் உயரச் சட்டம் கிடையாது. கப்பல் போகத் திறக்கும் ஒரே ஒரு கண்ணில் மட்டும் சட்டகம் உண்டு. அதுதான் ஷெர்ஸர் வகைத் தூக்குக் கண். அதன் இரண்டு இலைகளும் இரு பக்கமாக உருண்டு மேலே எழும்பும். ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி செய்து அனுப்பியது.

பாதை ஒற்றைப் பாதை. 2007 வரை மீட்டர் கேஜ். பக்கத்திலே சாலைப் பாலம் தெரிந்தால் படம் 1988க்குப் பிந்தியது. தெரியாவிட்டால், கோணத்தைப் பார்த்துவிட்டு, முந்தியது எனலாம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தின் தூக்குக் கண் நேராகச் செங்குத்தாக மேலே ஏறும். அதன் இரு முனையிலும் உயர்ந்த கோபுரங்கள் உண்டு. இரண்டையும் பேரப்பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

ஒரு படத்தைப் படித்த விதம்

இந்த முறை எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். எங்கள் பகுதியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர்கள் வீட்டுப் படத்தில் இருபது வயசு மதிக்கத்தக்க மூன்று வாலிபர்கள், பின்னால் இரும்புப் பாலம். பின்பக்கம் நீல மையில் "பாம்பன்". தாத்தா பிறந்தது 1912. இளமையில் கொழும்பில் இருந்துவிட்டு 1955 வாக்கில் மும்பை வந்தார் என்பது வீட்டுக் கதை. படம் அந்தக் கொழும்புப் பயணத்தின் சாட்சி என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

காண்டல்: ஒவ்வொரு கண்ணிலும் ஆள் உயரத்தை விட மூன்று மடங்கு உயரச் சட்டம். இரட்டைப் பாதை. மேலே கம்பி, கம்பம். கரையில் கறுப்புச் சேறு. தூணில் ஒரே மட்டத்தில் பட்டை.

கருதல்: உயரச் சட்டம் வரிசையாக இருப்பதால் பாம்பன் இல்லை. இரட்டைப் பாதை, அதனாலும் இல்லை. மின்கம்பி இருப்பதால் கண்டிப்பாக இல்லை. பழைய பாம்பன் பாலத்துக்கு மின்சாரம் வரவே இல்லை. சேறும் ஏற்ற இறக்கப் பட்டையும் கடல் கழி என்று சொல்கின்றன. 1930களில் மின்சார ரயில் கழியைத் தாண்டிய இடம் தமிழர் போகக்கூடிய ஊர்களில் எது? மும்பை வட்டாரந்தான். நடுவில் நிற்பவர் தாத்தா என்பதில் குடும்பத்துக்குச் சந்தேகம் இல்லை. 1912இல் பிறந்தவர் இருபது வயசுத் தோற்றத்தில் நின்றால் படம் 1930களின் தொடக்கம் அல்லது நடுப்பகுதி.

உரை: பின்பக்க எழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பால்பாயின்ட் பேனா எழுத்து. அந்தப் பேனா நம் நாட்டில் பரவியது 1950களுக்குப் பிறகு. ஆகவே படம் எடுத்து வெகுகாலம் கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதியது. பிறகு ஊரில் இருந்த தொண்ணூறு வயசு அத்தையிடம் படத்தை அனுப்பி, "அத்தை, இது எங்கே எடுத்தது?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பாம்பன் என்ற பெயரை எடுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். "அண்ணன் முதல்ல பம்பாயில ரயில்ல கேங்கு வேலைக்குத்தானே போனாரு, அப்புறம்தான் கொழும்பு" என்று பதில் வந்தது.

ஒரு வார்த்தையில் குடும்பம் மும்பைக்கு வந்த காலம் இருபது ஆண்டு பின்னோக்கிப் போயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நகரத்தோடு உள்ள உறவு நான்காம் தலைமுறை ஆயிற்று. இத்தனைக்கும் பாலத்தின் பெயர் இன்னும் தெரியாது. படத்தின் பின்னால் அவர்கள் இப்போது எழுதியிருப்பது: "மும்பை வட்டாரத்துக் கழிப் பாலம், 1925க்குப் பின்." அவ்வளவுதான் படம் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு பெயரை ஒட்டினால் பழைய "பாம்பன்" போல இன்னொரு தவறு ஆகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, காகிதக் கம்பெனி பெயர், கையெழுத்து எல்லாம் சான்று.

2. ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம்.

3. படத்தில் இருப்பது நிஜப் பாலமா, ஸ்டூடியோவில் தொங்கவிட்ட திரைச்சீலையா என்று பாருங்கள். ஆளின் நிழல் ஒரு பக்கமும் பாலத்தின் நிழல் வேறு பக்கமும் விழுந்தால் அது திரை.

4. அஞ்சலட்டையாக இருந்தால், அச்சிட்ட தலைப்பை அப்படியே நம்பாதீர்கள். சென்னையில் வீல் அண்ட் கிளைன், பம்பாயில் கிளிஃப்டன் போன்றவர்கள் விற்ற அட்டைகளைப் பலர் ஊருக்குப் போகும்போது வாங்கி வைத்திருப்பார்கள். அட்டை வீட்டில் இருப்பதால் தாத்தா அங்கே போனார் என்று ஆகாது.

5. பெரியவர்களிடம் கேட்கும்போது பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. "இது கர்னாக் தானே பாட்டி?" என்று கேட்டால் பாட்டி ஆமாம் என்றுதான் சொல்லும். "இது எந்த இடம், கூட நிற்பது யார், அன்றைக்கு எதற்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள்.

6. கண்டது, கருதியது, கேட்டது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சொன்னவர் பெயரும் கேட்ட தேதியும் சேர்த்து. படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் ஓர் எண் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுவது உத்தமம்.

7. இன்னும் நிற்கிற பழைய பாலங்களை இப்போதே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ரிவெட், தூண், பெயர்த் தகடு, கல்லெழுத்து எல்லாம் வரட்டும். பழைய படத்தோடு ஒப்பிட நாளைக்கு அதுதான் கிடைக்கும்.

இந்த ஏழில் ஐந்தாவதற்குத்தான் அவசரம். இடித்த பாலத்துக்குப் படமாவது எங்கேயாவது மிஞ்சும். ஸ்கேனை அடுத்த வருஷமும் எடுக்கலாம். தொண்ணூறு வயசு அத்தையிடம் கேட்கிற கேள்வியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க முடியாது. ஆகையால் இந்த மலரை மூடி வைத்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, பாலம் தெரிகிற படம் ஒன்றை எடுத்து, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கண்களையும் கட்டங்களையும் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.